சாமிக்கு எந்த ஊருங்க

சோமனூர் தாண்டி, இருபத்து நான்கு தறி ஓடும் வீடு.
நற்கருணைச் சிமிழைச் சட்டைப்பையில் வைத்து
மொபட்டில் போய்ச் சேர்ந்தேன், இரவு ஒன்பதேகால்.
கட்டிலில் சூசைமாணிக்கம்.
நெஞ்சுக்குள் நாற்பது வருடப் பஞ்சு.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்,
‘சாமிக்கு எந்த ஊருங்க?’
திருப்பூர் என்றேன்.
‘திருப்பூர்ல?’
ஆத்தோரம்.
‘அப்பா என்ன பண்றாருங்க?’

இந்தப் பக்கத்தில் ஒருவனைப் பெயர் கேட்காமலே
மூன்று கேள்வியில் அளந்துவிடலாம்.
அங்கி போட்டவனுக்கும் அதே முழக்கோல்தான்.

சாயப்பட்டறையில் இருந்தார், இப்போது இல்லை என்றேன்.
உதடு மூடிக்கொண்டது.
எண்ணெய் பூச நெற்றியைக் கொடுத்தார்.
அப்பத்துக்கு வாயைக் கொடுக்கவில்லை.
மருமகள் பெர்னத்தா தலை நிமிராமல்
தண்ணீர் டம்ளரை இடம் மாற்றி வைத்தாள்.

குருமடத்தில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்:
அப்பமும் ரசமும் ஏந்தி வழியில் எதிர்ப்பட்ட
ஒரு பழைய ராஜாவுக்குத்
தகப்பன் பெயர் கிடையாது, தாய் பெயர் கிடையாது,
அந்த வரிசையில்தான் நீங்கள் என்றென்றைக்கும் குருக்கள்.
கூட்டம் இல்லை, குலதெய்வம் இல்லை,
ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அடிக்க முடியாத ஆள்
கடவுளுக்கு முன்னால் நிற்கிறார்!
கடைசி பெஞ்சில் நான் சிரித்துவிட்டேன்.

திருப்பட்டத்தின் முத்திரை அழியாது என்றும் சொன்னார்கள்.
நரகத்துக்கே போனாலும் அழியாதாம்.
மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள்.
எனக்கு எழுத வேண்டியிருக்கவில்லை.
என் அப்பா சின்னப்பனின் நகக்கண்களில் நீலம்.
எலுமிச்சை, மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர்,
எதற்கும் போகவில்லை.
பெட்டியை மூடுமுன் விரல்களில் ஜெபமாலை சுற்றினோம்,
மணிகளுக்கிடையில் தெரிந்துகொண்டே இருந்தது.

ஆயர் என் உள்ளங்கைகளில் தைலம் பூசி
வெள்ளைத் துணியால் கட்டினார்.
அவிழ்த்த துணி அம்மாவுக்குப் போனது.
அவள் சாகும்போது கையில் வைத்துப் புதைக்க வேண்டும்.
மேலே கேட்பார்களாம், என்ன கொண்டுவந்தாய் என்று.
ரேஷன் கார்டு இருக்கும் மஞ்சப்பைக்குள்
அதையும் மடித்து வைத்திருக்கிறாள்.
‘அங்கயும் யாருன்னு கேப்பாங்களா கண்ணு?’
இருபது நிமிடப் பிரசங்கம் ஒன்று என்னிடம் இருந்தது.
சாப்பாடு போடச் சொன்னேன்.

பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று.
இருபத்து நான்கு தறியும் ஒரே அடியில் நின்றன.
அந்தச் சுவர்கள் அப்படியொரு அமைதியைக் கேட்டிருக்காது.
இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல்,
தொலைந்துபோன பையனின் குரல்:
‘மோட்சத்துல தறி ஓடுமுங்களா?’

அங்கே விளக்கு வேண்டாம், கோயிலே கிடையாது.
பலி ஒரே தரம் முடிந்துவிட்டதால்
பீடத்தருகே யாருக்கும் வேலை இல்லை.
அங்கே உங்களைப் போலவே நானும்
தறி நின்ற ஆள்தான் என்று சொல்லியிருக்கலாம்.
‘சத்தம் இருக்குமுங்க’ என்றேன்.
‘எல்லாரும் பாடிட்டே இருப்பாங்களாம்.’

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
‘தனித்தனியாவுங்களா?’
‘ஒண்ணாத்தானுங்க.’

யோசித்தார்.
போவதா வேண்டாமா என்று
பஸ் ஸ்டாண்டில் நின்று யோசிக்கிறவர் மாதிரி
யோசித்தார்.

கரண்ட் வந்தது. கோடியில் ஒரு தறி இழுத்துக்கொண்டு கிளம்ப,
மற்றவை ஒவ்வொன்றாய்ச் சேர்ந்துகொண்டன.
அந்த இரைச்சலில் அவர் வாய் திறந்தது.
அப்பத்துக்கா, மூச்சுக்கா?
நான் கேட்கவில்லை.
நகத்தளவு கிள்ளி, நாக்கில் வைத்தேன்.

பெர்னத்தா டம்ளரை எடுத்தாள்.
ஒரு வாய் விட்டாள்.
தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இறங்கியது.